நான்கு மூட்டை பிளீச்சிங் பவுடர்

எங்கள் குடியிருப்புச் சங்கம் 2007-இல் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பதினான்காம் பத்தி இது: "கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்: திரு. டி.எஸ். ராமசுப்ரமணியன். கழிவுநீரை ரசாயன, உயிரியல் முறைகளில் சுத்திகரிப்பதில் முப்பதாண்டு அனுபவம் உள்ளவர். நிலையத்தை நாள்தோறும் நேரில் பார்வையிடுபவர்."

இதில் பெயரும் இனிஷியலும் சரி.

ராமசுப்ரமணியன் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த அமைச்சகத்தின் பெயரில் தண்ணீர் இருந்தது வாஸ்தவம். அவர் பார்த்தது லீவு விண்ணப்பங்களை. முப்பது வருஷத்தில் அலுவலக நேரத்தில் அவர் கண்ணால் கண்ட தண்ணீர், மேஜைமேல் மூடிவைத்த டம்ளரில் இருந்ததுதான். அதுவும் வீட்டிலிருந்து போனது.

டில்லி துவாரகாவில் எங்கள் நூற்று நாற்பத்து நான்கு வீடுகளிலும் தேடினால் அவரைவிடச் சுத்தமான மனிதர் கிடைக்க மாட்டார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். லிஃப்ட் பொத்தானை மடித்த பஸ் டிக்கெட்டால் அழுத்துவார். அந்த டிக்கெட்டை யார் யார் தொட்டிருப்பார்கள் என்று ஒருநாள் யோசித்துவிட்டு, அதன்பின் முழங்கையால். ரயிலில் சென்னை போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். தண்ணீர்மேல் சந்தேகம் இல்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும் இடத்தின்மேல்தான். சாக்கடை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. 'அது' என்பார்.

இப்படிப்பட்டவர் அந்தப் பத்திக்குள் எப்படிப் போனார்? கூட்டத்துக்கு வராததால் போனார். சங்கக் கூட்டம் நடக்கும் ஹாலுக்குப் பக்கத்தில்தான் சுத்திகரிப்பு நிலையம். நாற்றம் தாங்காது என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். பொறுப்புகளுக்கு ஆள் போடும்போது வராதவர்களிலிருந்து எடுப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். வந்தவர்கள் மறுத்துப் பேசுவார்கள் அல்லவா?

செயலாளர் சுந்தரேஷ் மறுநாள் காகிதத்தோடு வந்தான். விமான நிலையத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

"மாமா, சும்மா பேருக்குத்தான். ஒரு கையெழுத்து. உங்க பயோடேட்டால வாட்டர்னு வேற இருக்கு."

"எனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்? நான் பார்த்தது ஈ.எல்., சி.எல்."

"பார்த்தேள் இல்லையா, அது போறும். எதைப் பார்த்தேள்னு ஃபார்ம்ல கேக்கலை."

கையெழுத்துப் போட்டார். ஃபார்மில் கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை.

நிலையம் பி பிளாக்குக்குப் பின்னால், பாட்மிண்டன் கோர்ட்டை ஒட்டி, தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. முதலில் ஒரு இரும்புச் சல்லடை. எங்கள் நூற்று நாற்பத்து நான்கு குடும்பங்களும் பொதுக்குழுவில் எதிலும் ஒன்று சேர்ந்ததில்லை. அந்தச் சல்லடையில் சேர்ந்திருந்தோம். பந்து பந்தாகத் தலைமுடி, சாதப் பருக்கை, டயப்பர், ஷாம்பு பாக்கெட், எண்ணெய்யும் சோப்பும் கூடி உறைந்த வெள்ளை ஏடு, அதற்குமேல் பெயர் சொல்லத் தகாதவை. எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அப்படியெல்லாம் போடுவதில்லை. எந்த வீட்டிலுமே போடுவதில்லை. ஆனாலும் தினம் காலையில் ஒரு கூடை நிறைய வந்தது.

சல்லடையைத் தாண்டினால் பெரிய தொட்டி. அடியிலிருந்து மெஷின் காற்றை ஊத, பழுப்பாக நுரைத்துக் கொதிப்பதுபோல் புரளும். அடுத்த தொட்டியில் வண்டல் கீழே தங்கி, மேலே தெளிந்த நீர் வழியும். கடைசித் தொட்டியில் அதற்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். அப்புறம் அந்த நீர் செடிகளுக்கும், மொட்டைமாடித் தொட்டி வழியாக எங்கள் கழிப்பறை ஃபிளஷ்களுக்கும் போகும்.

இதையெல்லாம் நடத்தியவன் ராம்பிரவேஷ். பீகாரிலிருந்து வந்தவன், கான்ட்ராக்டரின் ஆள். அந்தத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தே ரொட்டி தின்பான். அதை நான்காம் மாடி பால்கனியிலிருந்து பார்த்த அன்று ராமசுப்ரமணியன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார்.

பொறுப்பேற்ற முதல் நாள், மூக்கில் கைக்குட்டையோடு நாற்பது அடி தள்ளி நின்றவரிடம் அவன் தன் தொழிலை இந்தியில் விளக்கினான்.

"இதுல கீடா இருக்கு சாப். புழு, பூச்சின்னு வெச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்குல இருக்கு. அழுக்கை அதுங்கதான் தின்னுது. நான் காத்து மட்டும் குடுக்கறேன். தொட்டி நல்ல கெட்டி டீ நிறத்துல இருந்தா அதுங்க சௌக்கியம்."

"அச்சா, அச்சா" என்றார் ராமசுப்ரமணியன். அன்றிலிருந்து டீயை நிறுத்தினார்.

ஏப்ரல் நடுவில் தங்கை கல்யாணத்துக்காக ராம்பிரவேஷ் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போனான். போகும்போது சொன்னது இரண்டே விஷயம்: காற்று மெஷினை நிறுத்தக்கூடாது, கடைசித் தொட்டியில் தினம் அரை டப்பா பிளீச்சிங் பவுடர். இரண்டையும் வாட்ச்மேன் செய்துவிடுவான்.

பொறுப்பாளருக்கு அது போதவில்லை. மூன்றாம் நாள் காலை காப்பியின்போது மனைவி ஜலஜாவிடம் கேட்டார்.

"அழுக்கு எங்க இருக்கு? முதல்லயா, கடைசியிலயா?"

"எதோட?"

"அதோட."

"காப்பி குடிக்கறச்சே வேண்டாமே. முதல்ல."

"மருந்தை மட்டும் ஏன் கடைசியில போடறான்?"

"ஏதாவது காரணம் இருக்கும். அவன்தானே தினம் பார்க்கறான்."

"முப்பது வருஷமா எங்கிட்ட எல்லாரும் ஏதாவது காரணம்தான் சொன்னா" என்றார் ராமசுப்ரமணியன்.

அவர் தர்க்கத்தில் ஓட்டை இருந்ததாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசி மேஜையில் முடிக்க வேண்டியதை முதல் மேஜையிலேயே முடித்தால் ஃபைல் தேங்காது. ஸ்டோரில் இருபத்தைந்து கிலோ மூட்டைகள் நான்கு இருந்தன. வாட்ச்மேனை விட்டு நான்கையும் பெரிய தொட்டியில் கொட்டச் சொன்னார். கையிலிருந்த குடையை நீட்டி, தூரத்திலிருந்தே, இங்கே இங்கே என்று காட்டினார்.

அடுத்த இரண்டு நாள் அவருக்கு வாழ்நாளில் கிடைக்காத பெருமை கிடைத்தது. நுரை அடங்கியது. பழுப்பு வெளுத்து, சாதம் வடித்த கஞ்சிபோல் ஆகி, அதுவும் தெளிந்தது. நாற்றம் போய் நீச்சல்குள வாசனை வந்தது. ஜனங்கள் மாலை நடையில் அந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தார்கள். சுந்தரேஷ் மொபைலில் போட்டோ எடுத்தான்.

"மாமா, கமால் பண்ணிட்டேள்! அந்த பையா மூணு மாசமா நம்மை ஏமாத்திண்டிருக்கான்."

"சுத்தம்னா சுத்தமா இருக்கணும். அதுல என்ன டீ நிறம், காப்பி நிறம்" என்றார் ராமசுப்ரமணியன். பத்தடி தூரத்தில், கைக்குட்டை இல்லாமல் நின்றார்.

கொன்றது எதை என்று மூன்றாம் நாள் தெரிந்தது. மருந்தின் வேகம் தீர்ந்தது. வீடுகளிலிருந்து வருவது மட்டும் தீரவில்லை. தின்ன ஆள் இல்லாமல் அது அப்படியே தேங்கிப் புளித்து, கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்த நீர் வழக்கம்போல மொட்டைமாடிக்கு ஏறி, வழக்கம்போல ஃபிளஷில் இறங்கியது. அவரவர் அனுப்பியது அவரவருக்கே திரும்பி வந்தது. கதவைச் சாத்தி ஊதுபத்தி ஏற்றினோம். ஊதுபத்தி வாசனையில் அது இன்னும் மோசமாக இருந்தது. சாப்பாட்டு வேளையில் ஒரு வீட்டில் ஃபிளஷ் இழுத்தால் அடுத்த வீட்டில் இலையை மடித்தார்கள். ராமசுப்ரமணியன் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். உள்ளே போனால்தானே வெளியே.

சுந்தரேஷுக்கு யோசனை வர ஒரே நாள் பிடித்தது. தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு கிளை உண்டு. அதன் வால்வைத் திறந்தால் எல்லாம் நேராக மதிலுக்குப் பின்னால் உள்ள மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடும். ஃபிளஷுக்குக் குடிதண்ணீர்க் குழாயிலிருந்தே இணைப்புக் கொடுத்தான்.

"அந்தப் பக்கம் யாராவது இருக்காளாடா?" என்று ராமசுப்ரமணியன் கேட்டது உண்மை.

"அந்தப் பக்கம் யாரு மாமா இருக்கா? கால்வாய்தான்."

வால்வு திறந்த மறுநாள் எங்கள் பக்கம் மல்லிகை வாசனை வந்ததாகக்கூட ஒருவர் சொன்னார். எல்லோரும் சுந்தரேஷுக்கு நன்றி சொன்னோம்.

ராம்பிரவேஷ் திரும்பி வந்தபோது கேட்டிலேயே நின்று மூக்கை உயர்த்தினான். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்குப் போய்ப் பார்த்தான்.

"கீடே மர் கயே, சாப்" என்றான். செத்துப் போச்சு.

"எத்தனை?" என்று கேட்டார் ராமசுப்ரமணியன். இந்தியில்தான் கேட்டார், ஆனால் அது செக்ஷன் ஆபீசரின் கேள்வி.

"சாரே." எல்லாமும்.

இரண்டு வழி இருப்பதாக அவன் சொன்னான். தானாகப் புழு வளரும்வரை ஒரு மாதமோ அதற்கு மேலோ காத்திருக்கலாம். இல்லையென்றால், உயிரோடிருக்கும் வேறு தொட்டியிலிருந்து வண்டல் கொண்டுவந்து, தயிருக்கு உறை குத்துவதுபோல் இதில் ஊற்றலாம். நகரின் இன்னொரு மூலையில் பெரிய நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே அவனுக்குத் தெரிந்தவன் கொடுப்பான்.

ஊரார் கழிவை வண்டியேற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதை ராமசுப்ரமணியன் மனதுக்குள் ஒருமுறை பார்த்தார். தயிர் அன்றோடு நின்றது. "காத்திருக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை தாயம்மாள் பாத்திரம் தேய்க்க வந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீட்டில் வேலை. மதிலுக்குப் பின்னால் யாரும் இல்லாத அந்தப் பக்கத்தில் பத்து வருஷமாகக் குடியிருந்தாள். இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது அது? மேஜைமேல வைக்காதே."

"தண்ணிங்க ஐயா. காலைல எங்க அடிபம்புல அடிச்சது. மோந்து பாருங்க."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். ஜலஜாதான் மூடியைத் திறந்தாள். உடனே மூடினாள்.

"ஏன்னா, இது நம்மாத்து நாத்தம்."

"கால்வா ரொம்பி பம்பு மேடை மேல ஏறி நிக்குதுங்க, அஞ்சு நாளா" என்றாள் தாயம்மாள். "அடிச்சா இதான் வருது. எம் பொண்ணு உஷாராணிக்கு ஏழு மாசம். மாசமா இருக்கிறவளுக்குக் காமாலை வந்தா உசுரு தங்காதுன்னு ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பிச்சாங்க. வேற தண்ணிக்கு நான் எங்கங்க போவேன்?"

"இதைக் குடிச்சேளா?" மரியாதை அவரை அறியாமல் வந்துவிட்டது.

"காச்சிக் குடிச்சோம். காச்சினா நாத்தம் போவுமா?"

ஜலஜா வடிகட்டிய தண்ணீரை இரண்டு கேனில் நிரப்பிக் கொடுத்தாள். கேட்டில் வாட்ச்மேன் தடுத்துவிட்டான். கோடைத் தட்டுப்பாடு காரணமாகத் தண்ணீரை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சங்கத்தின் விதி. ஆறாம் நம்பர், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. எங்கள் விதிப்படி அன்று வெளியே போக அனுமதி இருந்த தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அது மதிலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

ராமசுப்ரமணியன் கீழே இறங்கி வந்தார். கேனைத் தன் கையில் வாங்கி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். பொறுப்பாளரைத் தடுக்க விதி இல்லை. அப்படியே மதிலைச் சுற்றிப் போய் முதல்முறையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கறுத்த நீர் பம்பைச் சுற்றி முட்டிவரை நின்றது. அதில் மிதந்த ஷாம்பு பாக்கெட் அவர் வீட்டு பிராண்ட். ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் நின்று பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பார்த்ததும் அது உஷாராணிதான் என்று தெரிந்தது. அவர் அங்கேயே ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். வாந்தியும் கால்வாய்க்குள்தான் போயிற்று.

வீட்டுக்கு வரவில்லை. நேராக ராம்பிரவேஷிடம் போனார். "அந்த வண்டல் எப்போ கிடைக்கும்?"

"இன்னிக்கே சாப். வண்டிதான் வேணும்."

வண்டிக்கு, எங்களுக்குக் கோடையில் குடிதண்ணீர் கொண்டுவரும் டேங்கர்காரனையே கூப்பிட்டார்கள். அவன் தயங்காமல் ஒப்புக்கொண்டான். அந்தத் தயங்காமையில்தான் ராமசுப்ரமணியனுக்குச் சந்தேகம் வந்தது.

"பையா, இதே டேங்கரிலா?"

"தோ தேங்கே, கழுவிடுவோம் அங்கிள். அப்புறம் ஏக்தம் சாஃப், படு சுத்தம்."

"முன்னாடி எப்பவாவது இப்படி..."

டேங்கர்காரன் ஒரு மரியாதைக்காரனின் சிரிப்புச் சிரித்தான். நான்கு வருஷமாக அந்த டேங்கர் தண்ணீரைக் குடித்து வந்த மனிதர் அவனை உடனே அனுப்பிவிட்டார். பிறகு ஒரு டெம்போவும் பத்து பிளாஸ்டிக் டிரம்மும் வாடகைக்கு எடுத்தார்.

முதல் நடை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. மே மாத ஆரம்பம், நாற்பத்திரண்டு டிகிரி. வண்டலில் இருப்பது உயிர். மூடிய டிரம்மில் அதற்குக் காற்று இல்லை. இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தொட்டியில் விடவில்லை என்றால் இதுவும் செத்துவிடும் என்றான் ராம்பிரவேஷ். நிறைந்த டிரம்மைத் தூக்க முடியாது. வாளியால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். டெம்போக்காரன் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. வாட்ச்மேன் தன் டியூட்டி கேட் என்றான். சுந்தரேஷ் மூன்றாம் மாடியிலிருந்து பேசினான்.

"மாமா, அதுக்குன்னு ஆளுங்க இருக்கா. நாளைக்கு யாரையாவது கூப்பிடலாம்."

"நாளைக்கு இது செத்துடும்டா!"

"அப்படின்னா வால்வு திறந்தே இருக்கட்டுமே. ஒரு வகையில நல்லது. மெஷின் ஓட வேண்டாம், கரன்ட் மிச்சம்."

ராமசுப்ரமணியன் அண்ணாந்து பார்த்தார். "நீ கீழ இறங்கி அந்தப் பக்கம் போய் ஒரு டம்ளர் குடிச்சுட்டு வா. அப்புறம் பேசறேன்."

ஜலஜா பால்கனியிலிருந்து அவருடைய மழைக்கோட்டைக் கீழே போட்டாள். அதை மாட்டி, மருந்துக்கடைக் கையுறையை இரண்டிரண்டாகப் போட்டு, வாயையும் மூக்கையும் அங்கவஸ்திரத்தால் கட்டிக்கொண்டார். முதல் வாளி மொண்டதும் துணியை இறக்கி வாந்தி எடுத்தார். ராம்பிரவேஷ் காத்திருந்தான். எட்டாவது வாளியில் இன்னொரு முறை. பதினோராவது வாளியின் கைப்பிடிக் கம்பி கையுறையைக் கிழித்தது. பழுப்பு விரலிடுக்கில் இறங்கியது. அவர் கையை நீட்டி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். கிழிந்ததை உருவி எறிந்துவிட்டுப் பன்னிரண்டாவதை மொண்டார்.

"நல்ல வண்டலுக்கு நாத்தம் இருக்காது சாப், மழை பெஞ்ச மண் மாதிரி இருக்கும்" என்று ராம்பிரவேஷ் ஆறுதல் சொன்னான்.

"பொய் சொல்லாதே."

"கொஞ்சம் இருக்கும்."

கடைசியில் அவன் இரண்டு கூடை பசுஞ்சாணம் கரைத்து ஊற்றினான். அது ஒன்றுதான் அன்று அவருக்குப் பழக்கமான வஸ்து. இப்படி மூன்று நாள். பால்கனிகளில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, மிக்க அனுதாபத்தோடு.

அதன்பின் தினம் காலை ராம்பிரவேஷ் தொட்டி நீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து அரை மணி வைப்பான். ராமசுப்ரமணியன் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பார். அடியில் முதலில் ஒரு விரல் வண்டல், இரண்டு நாள் கழித்து இரண்டு விரல். ஆறாம் நாள் ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு பழுப்பு தங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. தொட்டி கெட்டி டீ நிறத்துக்கு வந்திருந்தது. அவர் கிட்டப் போய்ப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "அசிங்கமா இருக்கு. சரியா இருக்கு" என்றார்.

தாயம்மாளின் சந்தில் அந்த மாதம் இரண்டு பேருக்குக் காமாலை வந்தது. உஷாராணிக்கு வரவில்லை, கேன் தினமும் போயிற்று. ஜூலையில் பெண் குழந்தை. சங்கத்தின் ஆண்டறிக்கை, செயலாளரின் துரித நடவடிக்கையால் நாற்றப் பிரச்சினை தீர்ந்ததாகச் சொல்கிறது. மறுவருஷ விண்ணப்பத்தின் பதினான்காம் பத்தியில் சுந்தரேஷ் ஒரே ஒரு திருத்தம் செய்தான்: முப்பத்தோராண்டு அனுபவம்.

ராமசுப்ரமணியன் செய்தது இது. ஒரு தொட்டியைக் கொன்றார். பிறகு மூன்று நாளில் இருநூற்றுப் பதினான்கு வாளி வண்டலைத் தன் கையால் அதில் ஊற்றினார். வால்வை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி, ஏழு முறை சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.